மயிலம்மாள் தேடிப் போன ஸ்டீரிங் கை

மயிலம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் மலாயாவில் கோலா சாவா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து வேனின் அடியில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புருஷன் இராஜமாணிக்கம்தான் அதற்கு டிரைவர். மத்தியானம் ஓட்டம் முடிந்ததும் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையை மட்டும் வெளியே நீட்டுவான். அவள் பக்கத்தில் குந்தியிருந்து, கேட்ட ஸ்பானர் சாவியை எடுத்து அந்தக் கையில் வைப்பாள்.

"ஏண்டி, புருஷனோட பேச உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கேலி செய்வார்கள்.

"வீட்டுல பேசுனா அவருக்குக் காது கேக்காது. வண்டிக்கு அடியில படுத்தாதான் கேக்கும்" என்பாள்.

அவள் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். பத்து வயதில் ரப்பர்ப் பால்வாளி தூக்கியவள். கல்யாணத்துக்குப் பிறகும் விடியலில் மரம் வெட்டப் போவாள்; மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். தோள் அகலமானவள், நடையில் வேகம். இராஜமாணிக்கம் அதற்கு நேர்மாறு. ஒல்லி. பேச்சு குறைவு. வெள்ளைக்காரத் தொரையின் வேனைக் கழுவுகிறவனாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டவன். அவர்களுக்கு ஒரே மகள், செல்லம். ஜப்பான்காரன் வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

தொரை தன் காரில் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனார். வேன் அன்றைக்கு டயரில் காற்றில்லாமல் நின்றது. அதனால் அதை விட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ரப்பருக்கு வாங்குவார் இல்லை. பால்மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அரிசி கைப்பிடி கைப்பிடியாகத்தான் வந்தது. தோட்டத்து ஆபீசை அப்போதும் கணக்கெழுதும் பழைய கிராணி திருநாவுக்கரசுதான் பார்த்துக்கொண்டார். அவருக்கு மேலே, பக்கத்து ஊரான ரந்தாவிலிருந்து அடிக்கடி வந்துபோகும் ஒரு ஜப்பான் அதிகாரி. கிழங்கு ஏற்றவும், அரிசி கொண்டுவரவும், காய்ச்சல் முற்றியவர்களைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் இருந்தது அந்த ஒரு வேன்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் அது உடைந்தது. கிழங்கு மூட்டைகளோடு ரந்தா ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, ஒரு வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினான் இராஜமாணிக்கம். அது சும்மா சுற்றியது. சக்கரம் திரும்பவில்லை. வேன் நேராகப் போய் வடிகாலில் விழுந்தது. அவனுடைய இடது கால் நசுங்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஜப்பான் சிப்பாய் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, வேண்டுமென்றே கவிழ்த்தாய் என்று அவனைக் கன்னத்தில் அறைந்தான்.

ஆட்கள் சேர்ந்து வேனைத் தூக்கிக் கட்டி இழுத்து வந்தார்கள். அடியில் குனிந்து பார்த்தவள் மயிலம்மாள்தான். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து ஒரு கட்டை இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லில் மாட்டித் தொங்கும் இரும்புத் துண்டைத்தான் அவர்கள் ஸ்டீரிங் கை என்றார்கள். டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால் இந்தக் கை முன்னும் பின்னும் அசைந்து, நீளக் கம்பி ஒன்றைத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்பும். அந்தக் கை நடுவில் இரண்டாகப் போயிருந்தது. முறிவின் பாதி பளபளப்பாகவும் பாதி துருவாகவும் இருந்தது. வெகு நாளாகவே உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது.

அந்தத் துண்டுகளைக் கிராணி திருநாவுக்கரசு ஜப்பான் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். டிரைவர்மீது தப்பில்லை என்று மலாயில் கெஞ்சினார். திரும்பி வந்து, லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாணிக்கம், உன்னை அடிக்க மாட்டானாம். ஆனா வண்டி ஓடணும்னு சொல்றான். வண்டி ஓடுனா நீ டிரைவர், உன்னை இங்கயே வச்சுக்குவான். ஓடாத வண்டிக்கு டிரைவர் எதுக்குன்னு கேக்குறான்."

"அப்படின்னா?" என்றாள் மயிலம்மாள்.

கிராணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சயாமுக்கு அடுத்த தடவ ஆள் கேட்டிருக்கான்மா. ரயில் ரோடு போடுறதுக்கு. கால் ஆறுனதும் மாணிக்கம் பேரச் சேத்துருன்னு சொல்றான்."

சயாமுக்குப் போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு சேதியும் வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

புது சாமானுக்கு அப்போது வழியே இல்லை. கம்பெனிக் கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. பழைய வண்டியிலிருந்து கழற்றியதுதான் வேண்டும். சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் காதர் மைதீன் என்று ஒருவர் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். இராஜமாணிக்கத்துக்கு நெடுநாள் பழக்கம். ஆனால் இராஜமாணிக்கத்தால் எழுந்து நிற்கவே முடியாது. வேறு ஆண்களை அனுப்பவும் பயம். ரோட்டில் தனியாகப் போகிற ஆணைப் பிடித்து அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்று பேச்சு.

"நான் போறேன்" என்றாள் மயிலம்மாள்.

அவன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சாய்ந்தான். பிறகு உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துக் காட்டினான். "மூணு விஷயம் மயிலு. மேல இருக்குற ஓட்டையில பல்லு ஒத்துப்போகணும். ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற நீளம் ஒத்துப்போகணும். கீழ் ஓட்டை உள்ள போகப் போக ஒடுங்கும் பாரு, அந்த ஒடுக்கம் ஒத்துப்போகணும். அதுக்குத்தான் அதுல உக்கார்ற இந்தக் குமிழ் ஆணியையும் கழட்டித் தரேன். ஒண்ணு கொறஞ்சாலும் வேணாம். காலியா வந்துரு."

இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, நீளத்துக்கு ஒரு சணல் கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டான். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். செல்லத்தைப் பக்கத்து வீட்டு லெட்சுமியிடம் விட்டாள்.

சிரம்பான் எல்லையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். அவளும் குனிந்தாள். சாக்கை அவிழ்க்கச் சொன்னான். உடைந்த இரும்பைப் பார்த்ததும் என்ன நினைத்தானோ, துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். அவள் விழுந்தாள். கிராணி எழுதி வாங்கிக் கொடுத்திருந்த ஜப்பானிய எழுத்துச் சீட்டை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அதைப் படித்துவிட்டுக் கையை ஆட்டிப் போகச் சொன்னான். சிதறியதை எல்லாம் பொறுக்கினாள். குமிழ் ஆணி மட்டும் ரோட்டோரப் புல்லில் உருண்டு போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, மண்டியிட்டுத் தேடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

காதர் மைதீன் கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. நல்ல சாமான்களை ஜப்பான்காரன் அள்ளிப் போயிருந்தான். கொல்லையில் மட்டும் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. அவர் ஐம்பதைத் தாண்டியவர், நிதானமானவர். மனைவி ஹபீபுன்னிசா, மயிலம்மாளின் தோளைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் எண்ணெய் சூடுபண்ணப் போய்விட்டாள்.

துண்டுகளைப் பார்த்த காதர் மைதீன் தலையை ஆட்டினார். "ஸ்டீரிங் சாமான்ல 'ஏறக்கொறைய'ங்கற பேச்சே கெடையாது தங்கச்சி. பிரேக் போனாக்கூட கியர்ல நிறுத்திரலாம். இது போனா மாணிக்கம் கையில வெறும் வளையந்தான் மிச்சம்."

"அதான் பாய் அவரும் சொல்லி அனுப்புனாரு. ஒண்ணு கொறஞ்சாலும் வேணாம்னு."

கொல்லைக் குவியலில் இருவரும் தேடினார்கள். முதலில் அகப்பட்ட கையை அவர் மண்ணெண்ணெயில் கழுவினார். விளக்குக் கரியைத் தொட்டு ஓட்டையின் விளிம்பில் தடவி, மெல்லிய காகிதத்தை அதன்மேல் அழுத்தி எடுத்தார். பல் வரிசை காகிதத்தில் வட்டமாகப் பதிந்தது. உடைந்த கையின் ஓட்டையையும் அதேபோலப் பதித்து, இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பல்லோடு பல் சேர்ந்தது. மயிலம்மாளுக்கு மூச்சு வந்தது. உடனே சணல் கயிற்றை வைத்துப் பார்த்தாள். கை, முடிச்சை எட்டவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் குட்டை.

"இவ்வளவுதானே பாய்?"

"குட்டையா இருந்தா சக்கரம் முழுசாத் திரும்பாது. உங்க தோட்டத்து வளைவுல நேராப் போயிருவான்" என்று அதைத் திரும்பக் குவியலில் போட்டார்.

அடுத்ததில் நீளம் சரி. பல் தடிப்பு.

"அடிச்சு ஏத்திட முடியாதா?"

"ஏறும். கொஞ்ச நாள் ஓடவும் ஓடும். அப்புறம் அந்தப் பல்லெல்லாம் மழுங்கி, ஒரு நாள் கழண்டுரும்." அவர் அவளைப் பார்த்தார். "வேணும்னா எடுத்துட்டுப் போ. நான் தடுக்கல."

அவள் அந்தக் கையைக் கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்தாள்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். ஹபீபுன்னிசா கொடுத்த கிழங்குக் கஞ்சியைக் குடித்தாள். காலையில் காதர் மைதீனுக்கு ஒரு நினைவு வந்தது. சிரம்பானின் இன்னொரு பக்கம், அம்பாங்கானில் ஒரு சீனர் பட்டறை. பிரிட்டிஷ் பட்டாளம் ஓடும்போது விட்டுப்போன ஒரு வேன் அதன் பின்னால் கிடக்கிறது, தோட்டத்து வேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இருவரும் அங்கே நடந்தார்கள்.

பட்டறைக் கதவு பலகை அடித்து மூடியிருந்தது. வாசலில் ஒரு சீனப் பெண் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் வயதுதான் இருக்கும். ஜப்பான்காரன் வந்த புதிதில் அவள் புருஷனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் என்று வழியிலேயே காதர் மைதீன் சொல்லியிருந்தார். அவர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவள் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

லாலான் புல் மூடி, கட்டைகளின்மேல் நின்ற வேனுக்கு அடியில் காதர் மைதீன் ஊர்ந்து போனார். இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை. ஸ்டீரிங் கை மட்டும் அப்படியே தொங்கியது. நட்டு துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு அடித்தார். மயிலம்மாள் வலிக்கிற தோளைக் கொடுத்து நெம்புகோலை அழுத்தினாள். வெகுநேரத்துக்குப் பிறகு அது படாரென்று கழன்று விழுந்தது.

கரி, காகிதம், கயிறு. பல் சேர்ந்தது. முடிச்சும் சரியாக எட்டியது. குமிழ் ஆணியைக் கீழ் ஓட்டையில் விட்டார். பாதியில் ஒடுங்கி, இறுக்கமாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அவளிடம் கொடுத்து, "நீயும் ஆட்டிப் பாரு" என்றார். அவளும் ஆட்டினாள். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தாள். சுத்தியால் மெல்லத் தட்டினார் காதர் மைதீன். மணி மாதிரி கணீரென்றது.

"இது பொருந்தும் தங்கச்சி" என்றார்.

சீனப் பெண் எழுந்து வந்து நின்றாள். உடைந்த கையையும் புதிதாகக் கழற்றியதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மயிலம்மாளிடம் கேட்டாள்.

"சுவாமி அடா?"

புருஷன் இருக்கிறானா என்று மலாயில் கேட்கிறாள்.

"அடா" என்றாள் மயிலம்மாள். இருக்கிறான்.

"பாகுஸ்" என்றாள் அவள். நல்லது. அந்த இரும்பைக் குனிந்து எடுத்து, தன் கைலியின் ஓரத்தால் துடைத்து, மயிலம்மாள் கையில் கொடுத்தாள். "அம்பெல் லா."

எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய், மறுபடியும் கிழங்கு சீவ உட்கார்ந்தாள்.

வீடு வந்ததும் இராஜமாணிக்கம் முதலில் அவள் தோளைத்தான் பார்த்தான். "யாரு அடிச்சது?" என்றான். "முதல்ல இதப் பாருங்க" என்று அவள் சாக்கை அவிழ்த்தாள். அவனுக்குத் திருப்தி வரும்வரை மூன்று அளவையும் மறுபடி பார்த்தான்.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான். "வளைவு. இது கொஞ்சம் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு. முழுசாத் திருப்பும்போது சட்டத்துல இடிக்கக் கூடாது. மாட்டித்தான் பாக்கணும்."

கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தான். வழக்கம்போலக் கை வெளியே நீண்டது. அவள் சாவிகளைக் கொடுத்தாள். மாட்டி முடித்ததும் உள்ளேயிருந்து, "மயிலு, ஏறி உக்காரு. ஸ்டீரிங்கப் பிடி" என்றான்.

"நானா?"

"வேற யாரு? நான் அடியில இருந்து பாக்கணும்."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் இடத்தில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் முதல்தடவை. செல்லத்தையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வலது பக்கம் திருப்பு... இன்னும்... இன்னும்... நிறுத்து" என்றான் கீழேயிருந்து. "இப்ப இடது பக்கம்." கனமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் திருப்பத் திருப்ப முன்சக்கரங்கள் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பின. செல்லம் கை தட்டிச் சிரித்தாள். சட்டத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது.

வெளியே வந்தவன் முகமெல்லாம் எண்ணெய். "இடிக்கல" என்றான். பிறகு, அவளே எதிர்பாராதபடி, லயத்து ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பொழச்சோம் மயிலு."

அதன் பிறகு சில மாதம் நல்லபடியாகவே போயிற்று. கால் ஒருமாதிரி கூடிவிட்டது, நொண்டித்தான் நடப்பான். வேன் ஓடியது. சயாமுக்கு ஒரு தடவை ஆள் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமியின் தம்பி நல்லசாமி அதில் போனான். இராஜமாணிக்கத்தின் பெயர் சேரவில்லை. லெட்சுமி அழுதபோது மயிலம்மாள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரு மூலையில், நம் வீட்டில் இல்லையே என்று இருந்தது. அதற்காக அவள் பின்னால் மிகவும் வெட்கப்பட்டாள்.

மழைக்கு முந்திய ஒரு காலை. அவள் கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி ஓடிவந்தாள். "மயிலு, ஓடியா. ஆபீஸ்ல லாரி வந்து நிக்குது. மாணிக்கண்ணன..." கையை ஆபீஸ் பக்கம் நீட்டினாள்.

அவள் ஓடினாள். ஆபீஸ் முன்னால் ராணுவ லாரிகள் நின்றன. பிடித்துவந்த ஆண்களை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வேனும் கடைசியில் நின்றது, அதிலும் ஆட்கள். அதிகாரி வேனைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். கிராணி திருநாவுக்கரசு அவன் பின்னாலேயே நடந்து, இந்த டிரைவரை இங்கேயே வைத்துக்கொள்வதாகத்தானே வாக்கு என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் நின்று, அவரை அறைந்தான். கிராணியின் கண்ணாடி விழுந்தது. சயாமில் வண்டி வேண்டும் என்றான். வண்டி தானாக ஓடாது என்றான்.

இராஜமாணிக்கம் டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன். மயிலம்மாள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"என்னங்க இது? ஓடுனா விட்டுருவோம்னு சொன்னாங்களே?"

"வண்டி போனா டிரைவரும் போகணுமாம்" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அழாத. கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன். ரயில் ரோடு முடிஞ்சா அனுப்பிருவாங்களாம்."

"கால்ல கட்டு போடலியே, கம்பளி எடுக்கலியே..."

"செல்லம் எங்க?"

"வீட்டுல தூங்குறா."

"தூங்கட்டும்" என்றான். "எழுப்பாத."

சிப்பாய் கத்தினான். அவன் வண்டியைக் கிளப்பினான். ஆபீஸைத் தாண்டி ரோடு வளைகிற இடத்தில் வேனின் முன்சக்கரங்கள் திரும்பியதை அவள் பார்த்தாள். கொஞ்சமும் பிசகாமல், அவன் திருப்பியபடியே திரும்பின.

சேதி தெரிந்ததும் லோபாக்கிலிருந்து காதர் மைதீன் நடந்தே வந்தார். வாசலில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு வார்த்தை, பொருந்தலன்னு சொல்லியிருக்கலாம் தங்கச்சி."

"சொல்லியிருந்தா அவரு பேரு முன்னாடியே போயிருக்கும் பாய்."

"இருந்தாலும்..."

"நீங்க பொய் சொல்லல. பொருந்திச்சு. நானுந்தான் ஆட்டிப் பாத்தேன்."

அவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் போனபிறகுதான் அவளுக்கு மனசு உடைந்தது. அம்பாங்கானுக்குப் போகாமல் அந்தக் குட்டைக் கையையே கொண்டுவந்திருந்தால், இடிக்கிற மாதிரி இன்னும் ஒரு விரல் வளைந்திருந்தால், குமிழ் ஆணியைப் புல்லில் தேடாமல் விட்டிருந்தால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். லெட்சுமியால் அவளைத் தேற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பட்டினி. மரவள்ளி இலையும் கிழங்கும் தின்று, சாக்கைத் தைத்து உடுத்தி, செல்லத்தைக் காப்பாற்றினாள். வண்டிச் சத்தம் கேட்டால் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பாள். வந்ததெல்லாம் வேறு வண்டிகள்.

சண்டை முடிந்து பிரிட்டிஷ்காரன் திரும்பிய பிறகு, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு வந்தவன் நல்லசாமி. சொந்த அக்காவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. காலில் புண், எலும்பும் தோலும். மயிலம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கஞ்சி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவளைப் பார்த்துப் பார்த்து அவன் கஞ்சியை மெல்லக் குடித்தான். குடித்து முடித்ததும் சொல்லவேண்டியிருக்குமே.

"அக்கா, அண்ணன் காலராவுல போயிட்டாரு. காலையில நல்லா இருந்தாரு. சாயந்திரம் முடிஞ்சிருச்சு. நாங்கதான் தூக்குனோம். நெறையப் பேரோட சேத்து எரிச்சாங்க."

அவள் கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "ஸ்டீரிங் ஒண்ணும் தப்பலியே?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வேகமாகத் தலையாட்டினான். "இல்லக்கா. அந்தச் சேத்துல எத்தன வண்டி கவுந்துச்சு. அண்ணன் வண்டி கவுழவே இல்ல. சீக்காளிங்கள அதுலதான் கொண்டுபோவாரு. என்னையும் ஒரு தடவ கொண்டுபோனாரு. 'பயப்படாத லா, ஸ்டீரிங் கை என் பொஞ்சாதி தேடிக் கொண்டாந்தது'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். லயமே கூடிவிட்டது.

சில வாரத்தில் புது வெள்ளைக்காரத் தொரை வந்தார். தோட்டத்துச் சொத்தில் என்னென்ன போயிற்று என்று கணக்கெடுக்கச் சொன்னார். வேன் எங்கே என்று அவர் விசாரித்த விவரம் மயிலம்மாள் காதுக்கு எட்டியது. கருமாதி முடிந்த கையோடு வெள்ளைச் சேலையில் ஆபீசுக்குப் போனாள்.

"வேன எழுதிட்டீங்களா கிராணி ஐயா?"

"எழுதிட்டேன்மா" என்றார் திருநாவுக்கரசு.

"அவரு பேர?"

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "இது சொத்துக்கு மட்டும்மா. ஆளுக்கு இதுல எடமில்ல."

"வேன் தானா போகலியே ஐயா. அவரு ஓட்டிக்கிட்டுத்தானே போனாரு?"

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். வேன் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், இடம் இல்லாத இடத்தில், டிரைவர் இராஜமாணிக்கம், சயாமில் இறந்தார் என்று சின்ன எழுத்தில் எழுதினார். அவளுக்கு வாசித்துக் காட்டினார். அடுத்த வருஷம் தோட்டத்துக்குப் புது வேன் வந்தது. எழுதிய பெயருக்கு ஒரு பதிலும் வரவில்லை.

மயிலம்மாள் திரும்பவும் மரம் வெட்டப் போனாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களிடம் கோபப்படாமல் மாட்டேன் என்றாள். காதர் மைதீன் இறக்கும்வரை, வருஷத்துக்கு ஒருமுறை லோபாக் போய் அவர்கள் வீட்டில் ஒருநாள் தங்கிவிட்டு வருவாள். செல்லம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வளர்ந்து, சிரம்பானில் ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள்.

கல்யாணத்துக்கு முந்திய நாள், தாயின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த செல்லம் கேட்டாள். "அப்பா எப்படி இருப்பாரும்மா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அந்த வீட்டில் ஒரு படம் கிடையாது. யாரும் எடுத்ததில்லை. மயிலம்மாள் சொல்லத் தொடங்கினாள். ஒல்லியா இருப்பாரு. நொண்டி நடப்பாரு, அது கடைசியிலதான். கை நீளம், வெரல்ல எப்பவும் எண்ணெய்க் கரி இருக்கும், எடது கட்டவெரல் நகம் செத்துப்போய்க் கறுத்திருக்கும். சத்தமாப் பேச மாட்டாரு.

"மொகம்?" என்றாள் செல்லம்.

மயிலம்மாள் வாயைத் திறந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்து நீண்டு வருகிற அந்தக் கைதான் வந்தது. முகம் வரவில்லை.

"இரு, சொல்றேன்" என்றாள். "இரு."

செல்லம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.